காதை மூடாமல் விற்ற சைலன்சர்

துப்பாக்கிக்கு சைலன்சர் விற்பதென்பது, சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு அமைதியைப் பற்றிப் பொய் சொல்கிற தொழில். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று வயிறு வளர்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். டெக்சஸில் ஆலன் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கிறேன். படித்தது உலோகவியல். லே-ஆஃப் ஆகி வீட்டில் உட்கார்ந்தபோது, குடும்பத்துக்கே இன்ஷூரன்ஸோடு வேலை கொடுத்தவர் கடை முதலாளி தங்கராஜ் அண்ணன், கரூர்க்காரர். அந்தப் புண்ணியத்தில் என் இடது காது எந்நேரமும் ‘ஙொய்’ என்று இரைகிறது. கேட்கிற காதாவது மிஞ்சுமா என்பதுதான் இப்போது என் கவலை.

எவர்சில்வரா!

காப்பெல் என்கிற ஊரிலிருந்து ஒரு ஐ.டி. தம்பதி வந்தார்கள். கணவருக்கு வீக்கெண்டில் துப்பாக்கி சுடுகிற ரேஞ்சுக்குப் போய்ப் படபடவென்று சுட வேண்டுமாம். “அப்ப ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்க சார். கனம்தான், ஆனா சூடு தாங்கும். டைட்டானியம் எடை கம்மி, நாள் பூரா காட்டுல நடக்கிற வேட்டைக்காரங்களுக்கு சரி. விடாம சுட்டா சீக்கிரம் அரிச்சுப்போகும்” என்று தொண்டை வறளச் சொன்னேன். அவர் திரும்பித் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா ஸ்டீலை ஒரு விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க வீட்டு சாம்பார் வாளியே எவர்சில்வர்தான். அமெரிக்கா வந்தும் அதேயா?”

சந்தனம், குங்குமம்

டைட்டானியம்தான் போயிற்று. ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் அதைத் தூக்கிக்கொண்டு கணவர் மட்டும் வந்தார். சைலன்சர் மேல் வைத்த சந்தனமும் குங்குமமும் சூட்டில் வெந்து, பழுப்புப் பழுப்பாக ஒட்டிப்போயிருந்தன. பூஜையில் வைத்ததை அப்படியே ரேஞ்சுக்குக் கொண்டு போயிருக்கிறார். துடைக்க மனசு வரவில்லையாம்.

கறை கிடக்கட்டும். ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டுகிறேன் பேர்வழி என்று குண்டு மேகசின் மேகசினாகச் சுட்டுத் தள்ளியிருக்கிறார். இப்போது சுட்டால் முனையில் மத்தாப்பு மாதிரி பொறி பறக்கிறதாம், மாற்றித் தர வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அன்னிக்கே சொன்னேனே சார்” என்றேன். அவர் கூசாமல் சொன்னார்: “சொன்னீங்க பிரதர். ஆனா அழுத்திச் சொல்லலையே!”

காதில் என்ன?

கடைக்குப் பின்னால் சுட்டுக் காட்டும் இடம் உண்டு. சைலன்சர் போட்டாலும் துப்பாக்கி துப்பாக்கிதான். சினிமாவில் வருகிற ‘புஸ்’ எல்லாம் சுத்த உடான்ஸ். வருகிறவர்கள் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று வெறும் காதோடு ஒன்றிரண்டு குண்டு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் தினமும் பக்கத்தில் நிற்கிறேன், அவர்களுக்கு நம்பிக்கை வருவதற்காக, அதே வெறும் காதோடு.

ஒருநாள் தாங்க முடியாமல், சத்தத்தை அடைக்கிற இயர் மஃபை எடுத்து மாட்டிக்கொண்டேன். தங்கராஜ் அண்ணன் வாடிக்கையாளர் முன்னாலேயே அதை என் தலையிலிருந்து உருவினார். அவமானத்தில் என் முகம் சுருங்கிப்போயிற்று. அவர்கள் போனதும் தோளில் கை போட்டுச் சொன்னார்: “சமையக்காரனே மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னா எவன்யா சாப்பிடுவான்?”

இடது பக்கம்

போன மாதம் சாப்பாட்டு மேஜையில் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்த மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். ஸ்கூலில் நடந்த எதையோ அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். நான் பாட்டுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேனாம். “ஆர் யூ இக்னோரிங் மீ, அப்பா?” என்று அவள் திரும்பி நின்று கத்தியதுதான் எனக்குக் கேட்டது. மறுநாளே காது டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, இடது காது இனி சரியாகாது, வலதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வேலையை விட்டால் அந்த டாக்டரைப் பார்க்கிற இன்ஷூரன்ஸும் போய்விடும். அதனால் அண்ணனிடமே போய், “இனிமே மஃப் போட்டுக்கிறேண்ணே” என்று கெஞ்சினேன். அவர் ‘ச்சொ ச்சொ’ கொட்டினார். தன் கையால் டீ போட்டுக் கொடுத்தார். நிஜமாகவே கண் கலங்கினார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒண்ணு பண்ணு தம்பி. இனிமே இடது காதைத் துப்பாக்கிப் பக்கம் காட்டி நில்லு. அதான் போயிடுச்சுல்ல!”

டைட்டானியமோ ஸ்டீலோ, சைலன்சர் பாதிச் சத்தத்தைத்தான் அடக்கும், மீதியை அடக்கிக்கொண்டது என் காது.