சோபாவுக்கு அடியில் இருந்த சிவப்பு

கம்பளம் வைத்திருப்பவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன். என் தங்கை, கணவர் இறந்த பிறகு சென்னையில் மகள் வீட்டுக்குக் குடிபோனாள். அவர் வாங்கித் தந்த சிவப்புக் கம்பளத்தை விளாங்குடியில் எங்கள் வீட்டில் விட்டுச் சென்றாள்.

"சுருட்டி வச்சா பூச்சி அரிச்சிரும்க்கா, விரிச்சே போடு" என்றாள். ஹாலில் விரித்தேன். காற்று வரட்டும் என்று மெயின் ரோட்டைப் பார்த்த ஜன்னலைப் பகலெல்லாம் திறந்து வைத்தேன்.

தினமும் பார்த்ததால் நிறம் மாறியது எனக்குத் தெரியவே இல்லை. இரண்டு வருடம் கழித்து அவள் அதை எடுத்துப்போக வந்தபோது சோபாவை நகர்த்தினோம். அடியில் இருந்த இடம் மாதுளை முத்தாகச் சிவந்திருந்தது. மற்றதெல்லாம் வெளிறிய செங்கல் நிறம்.

கம்பளம் சலவை செய்பவரை வரவழைத்தேன். "அழுக்குன்னா எடுத்துருவேன்க்கா. வெயிலும் வண்டிப் புகையும் சாயத்தையே தின்னுருச்சு. ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

தங்கை திட்டவில்லை. சிவந்த இடத்தைத் தடவியபடி, "இந்தக் கலருக்காக எம்புட்டுக் கடை ஏறி இறங்கினாரு" என்றாள். அப்படியே சுருட்டி எடுத்துப் போனாள்.

இப்போதெல்லாம் வெயில் ஏறுமுன் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுகிறேன். எந்த விரிப்பானாலும் மாதம் ஒருமுறை திருப்பிப் போடுகிறேன். தங்கையிடம் போனில் பேசும்போது மட்டும், கம்பளத்தை எங்கே விரித்திருக்கிறாய் என்று கேட்க வாய் வருவதில்லை.