ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம்

துறைமுகத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அளவம்மா என்றால்தான் தெரியும். கடலுக்குள் நீண்டு போகும் சரக்குப் பாலத்தின் கோடியில் ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்து கடல்மட்டத்தை அளப்பது அவள் வேலை. அறையின் தரையில் ஒரு துளை, துளைக்குள் நீளமாக ஒரு குழாய், குழாய்க்குள் நீரோடு ஏறி இறங்கும் ஒரு மிதவை. மிதவையின் உயரத்தை ஒரு கருவி தானாகவே பதிவுசெய்து அனுப்பிவிடும். அந்தக் கருவியை நம்பலாமா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆள் அவள். நாளைக்கு மூன்று தடவை வெளியே போய், தூணில் பொருத்தியிருக்கும் அளவுகோலைக் குனிந்து பார்த்து, நீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பதிவேட்டில் எழுதுவாள்.

அந்த அறைக்கு அவள் முதலில் வந்தது துடைப்பத்தோடு. துறைமுக அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. அப்போது அளவு பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. "தண்ணி எந்தக் கோட்டுல நிக்குதுன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா" என்று ஒரு நாள் கேட்டார். மறுநாளும் கேட்டார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் ஓய்வுபெற்றபோது, தபால் வழியில் படித்துப் பத்தாம் வகுப்பை முடித்திருந்த இவளுக்கே அந்த வேலை கிடைத்தது. இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

அவளுக்குப் பிடிக்காத ஒரே சொல் 'ஏறக்குறைய'. வீட்டிலும் அப்படித்தான். "சாப்பாடு ஆக எவ்வளவு நேரமாகும்?" என்று கணவர் கேட்டால் "பதினேழு நிமிஷம்" என்பாள். அவர் அதே பாலத்தில் கிரேன் ஓட்டுபவர். வாய் கொஞ்சம் நீளம். "எங்க வீட்டுக் கடிகாரம் அவளைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரி பண்ணிக்கும்" என்று கூட வேலை செய்பவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு நாள் காலை, முதல் அளவை எழுதிவிட்டு நிமிர்ந்தபோது தொலைபேசி அடித்தது.

"அம்மா, செயற்கைக்கோள் மையத்துலேர்ந்து பேசுறேன். உங்க அளவு விஷயமா ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"இப்படி ஆரம்பிச்சாலே ஏதோ தப்புன்னுதான் அர்த்தம். சொல்லுங்க சார்."

பேசியவர் அங்கே விஞ்ஞானி. மென்மையான குரல், வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்துப் பேசினார். பத்து நாளைக்கு ஒரு முறை ஒரு செயற்கைக்கோள் அந்தக் கடலுக்கு மேலாகப் போகிறது. மேலிருந்து ஒரு ரேடியோ அலையைக் கீழே அனுப்பி, அது கடல்மேல் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, கடல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கணக்கிடுகிறது. ஐந்து வருடமாக அதையும் துறைமுகங்களின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வருகிறார்கள். கடல் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகச் செயற்கைக்கோள் சொல்கிறது. வடக்கே இருக்கும் துறைமுகமும் அதையே சொல்கிறது, தெற்கே இருப்பதும் அதையே சொல்கிறது. அளவம்மாவின் துறைமுகம் மட்டும் ஏழு என்கிறது.

"அப்ப நான் எழுதினது தப்பு."

"தப்புன்னு சொல்லலைம்மா. கையால எழுதுறப்ப சில சமயம்…"

"மழையில நனைஞ்சுக்கிட்டு எழுதியிருக்கேன், காய்ச்சலோட எழுதியிருக்கேன். குத்துமதிப்பா ஒரு நாளும் எழுதினதில்ல சார்."

அவர், விஷயம் தெளிவாகும்வரை கடல்மட்ட வரைபடத்தில் அந்தத் துறைமுகத்தைச் சேர்க்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அழவில்லை, ஆனால் மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். மறுநாள் காலை முதல் சோதிக்க ஆரம்பித்தாள். அளவுகோலில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி எடுத்தாள். மிதவையை வெளியே எடுத்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். குழாய்க்குள் அளவு நாடாவை இறக்கி நீர்மட்டத்தைத் தனியாக அளந்தாள். தன் கண்மேலேயே சந்தேகம் வந்து, அலுவலகத் தட்டச்சுக்காரியை இழுத்துக்கொண்டு போய்க் குனியவைத்தாள். "எனக்குத் தலை சுத்துதுக்கா" என்று முனகிக்கொண்டே அவள் படித்த எண்ணும் இவள் படித்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. மூன்று நாள் பார்த்தும் எதிலும் கோளாறில்லை.

நான்காம் நாள், சுரண்டிப் போட்ட சிப்பித் தூள் அறையெங்கும் மிதிபட்டு நாறியது. பழைய பழக்கம் போகுமா? ஒரு வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தை எடுத்தாள். தண்ணீர் வாசல் பக்கம் வரட்டும் என்று அங்கே நின்று காத்திருந்தாள். வரவில்லை. எதிர்ப்பக்கம், கடலோர மூலைக்குப் போய்த் தேங்கி நின்றது.

துடைப்பம் கையிலேயே நின்றுவிட்டது. அந்த அறையை அவள் எத்தனை வருடம் கழுவியிருக்கிறாள்! தண்ணீர் எப்போதும் வாசல் பக்கம்தான் ஓடும். அப்படி ஓடட்டும் என்றுதான் கட்டியவர்கள் சரிவு வைத்திருந்தார்கள். அளவு வேலை கிடைத்த பிறகு கழுவும் வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. அதனால் இதைக் கவனிக்க அவளுக்கு வாய்ப்பே வரவில்லை. இன்னொரு வாளி ஊற்றினாள். அதுவும் மூலைக்கே போனது.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது, வழக்கமாக ஏதாவது நக்கலடிக்கும் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னங்க, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு." தட்டைத் தள்ளிவைத்தார். "கிரேனை நிறுத்துறப்ப நாலு பக்கமும் கால் ஊன்றுவோம்ல. கடல் பக்கத்துக் காலுக்கு அடியில ஒரு வருஷமா கட்டை ஒண்ணு கூடுதலா வெக்கிறேன். இல்லன்னா கிரேன் மட்டமா நிக்க மாட்டேங்குது."

"ஒரு வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கிரேனுக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்மா. எனக்கும்தான் ஆகுது, அதையெல்லாம் எழுதியா வெக்கிறோம்?"

காலையில் அவளே மையத்துக்குத் தொலைபேசி போட்டாள். "சார், தண்ணி ஏறுனது ரெண்டு சென்டிமீட்டர்தான். மிச்சம் அஞ்சும் எங்க பாலம் இறங்கினது."

விஞ்ஞானி மூன்றாம் நாள் பேருந்து பிடித்து வந்து சேர்ந்தார். நாற்பதைத் தாண்டிய, வெயிலுக்குப் பழகாத மனிதர். மட்டம் பார்க்கும் தொலைநோக்கியையும் அதற்கான நீளக் கோலையும் தோளில் சுமந்து வந்ததில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. அளவறையின் தரையில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருந்தார்கள். அளவுகோலின் சுழியம் அந்தக் குமிழை வைத்துத்தான். கலங்கரை விளக்கத்தின் அடியில், அசையாத பாறையில் இன்னொரு குறி உண்டு. குறிக்கும் குமிழுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு என்று வருடம் ஒரு முறை பார்க்க வேண்டும். நில அளவையாளர் பதவி காலியாகி ஆறு வருடம் ஆகிவிட்டதால் யாரும் பார்க்கவில்லை. பதிவேட்டில் ஒவ்வொரு வருடக் கடைசிப் பக்கத்திலும் 'மட்டம் பார்க்கப்படவில்லை' என்று அளவம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதைப் படித்துவிட்டு அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

"கேட்டதாலதானே சார் தரையைப் பார்த்தேன். கோலை நான் பிடிக்கிறேன், நீங்க பாருங்க."

பாறையிலிருந்து புறப்பட்டு, ஐம்பது ஐம்பது அடியாக நகர்ந்து பாலத்தின் கோடிவரை போனார்கள். பிறகு சரிபார்க்க அதே வழியில் திரும்பி வந்தார்கள். அவள் கோலை ஆடாமல் பிடித்துக்கொண்டாள், அவர் எண்களைக் கூவ இருவரும் தனித்தனியாக எழுதினார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, ஆறு வருடத்தில் குமிழ் ஐம்பத்தேழு மில்லிமீட்டர் கீழே போயிருந்தது.

துறைமுக மேலாளர் முதலில் நம்பவில்லை. "பாலம் பார்வைக்குக் கல்லு மாதிரி நிக்குதே!" என்றார். ஆனால் கோடியில்தான் எண்ணெய்த் தொட்டி இருந்தது, கிரேனும் அங்கேதான் நின்றது. அதனால் வம்பு வேண்டாமென்று முக்குளிப்பவர்களை இறக்கிப் பார்க்கச் சொன்னார். நீருக்கடியில் கடைசி ஆறு தூண்களைச் சுற்றி மண் அரித்துப் போயிருந்தது. இரண்டு தூண்களின் அடி ஏறத்தாழ அந்தரத்தில் நின்றது. மேலே வந்தவர்களில் ஒருவர் வாய்க்குழாயைக் கழற்றியதும் சொன்ன முதல் வார்த்தை: "கிரேனை எடுங்க."

அன்றைக்கே பாலத்தின் பாதியை மூடினார்கள். தொட்டி காலியானது. சரக்குக்காரர்கள் சுற்றி வளைத்துப் போக வேண்டியதாயிற்று. "அளவம்மா அளந்த அளவுல நம்ம வேலை நின்னுபோச்சு" என்று அவள் காதுபடவே பேசினார்கள். கணவருக்குக் கரையில் லாரிக்குச் சரக்கு ஏற்றும் வேலை கொடுத்தார்கள். கடல்காற்றில் உயரே உட்கார்ந்து பழகியவருக்கு அந்தப் புழுதி ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவளைக் குறைசொன்னவர்களிடம், "அங்கே மேல உக்காந்திருந்தது நான்தான்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எட்டு மாதம் பிடித்தது, தூண்களைச் சுற்றிக் கல் கொட்டிப் புதிதாகக் காங்கிரீட் போட. அதற்குள் மழைக்காலமும் வந்து போனது. மூன்று நாள் பெரும் அலையில் அந்த வெறும் பாலம் உறுமிக்கொண்டு நின்றதைக் கரையிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள். அதன் பிறகு முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

பழைய கணக்கைத் திருத்தும் வேலைக்காக மையத்தில் அவளை வரச்சொன்னார்கள். பழைய எண்களை அழித்துவிட்டுச் சரியானதைப் போட்டுவிடலாமா என்று விஞ்ஞானி கேட்டார். கூடாது என்றுவிட்டாள். "அன்னைக்குக் கோல்ல தண்ணி அங்கதான் நின்னுச்சு. எழுதினது அப்படியே இருக்கட்டும். பாலம் இவ்வளவு இறங்கியிருந்துச்சுன்னு பக்கத்துல எழுதுங்க." அப்படியே செய்தார்கள்.

பிறகு பெரிய திரையில் செயற்கைக்கோளின் தடங்களைக் காட்டினார். கடல்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடின. தன் துறைமுகம் எங்கே என்று தேடினாள். அங்கே ஒரு கோடும் இல்லை.

"கரைகிட்ட வந்தா நிலம் குறுக்கே வந்து குழப்பும்மா. இருபது கிலோமீட்டர் தள்ளித்தான் அது நல்லா அளக்கும். கரைக்கு நீங்கதான்."

"அப்ப அது எங்க பாலத்தைப் பார்க்கவே இல்லையா?" என்று கேட்டவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவருக்கும்தான்.

வீடு திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கணவர் அந்த வாரம்தான் திரும்பவும் கிரேனில் ஏறியிருந்தார், முகத்தில் அந்தத் தெளிச்சி தெரிந்தது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆக எல்லாம் சரியாயிடுச்சு" என்றார்.

"பாலம் சரியாயிடுச்சு. கடல் ஏறின ரெண்டு சென்டிமீட்டர் அப்படியேதாங்க இருக்கு. அது யாரோட தப்பான கணக்கும் இல்ல."

அவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். "இவ்வளவுதானே?"

அவள் அவர் கையைப் பிடித்து, விரல்களைக் கொஞ்சம் நெருக்கிச் சரிசெய்தாள். "இவ்வளவு. அஞ்சே வருஷத்துல. இந்தக் கடல் முழுக்க."

அவர் விரல்களை எடுக்காமல் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.