நாற்பது டிகிரியில் ஒரு மேடு

செயற்கைக்கோள்களில் ஏறப்போகும் ஆன்டெனாக்களைச் சோதிக்கும் அறை அது. சுவரெங்கும் கறுப்பு நுரைக் கூம்புகள். ரேடியோ அலை பட்டுத் திரும்பாமல் அவை விழுங்கிவிடும். அறையின் பொறுப்பாளருக்குக் கெடுபிடி சார் என்று பெயர். உலோகம் உள்ளே போகக்கூடாது என்று இயக்குநரின் பெல்ட்டையே கழற்றவைத்து, கால்சட்டையைப் பிடித்தபடி நடக்கவிட்ட மகராசன்.

அன்று வடிவமைப்பாளர் பெண்ணின் ஆன்டெனா மூன்றாம் முறையாக வந்திருந்தது. இதிலும் தவறினால் அவளுடைய இரண்டு வருட உழைப்பு மூலைக்குப் போய்விடும். அலை வீச்சின் வரைபடத்தில் நாற்பது டிகிரியில், இருக்கக்கூடாத அதே மேடு மறுபடியும்.

“சார், ரூமுக்குள்ள ஏதாச்சும் கிடக்குமோ?”

“என் ரூம்லயா? கொசுகூட என்கிட்ட கேட்டுட்டுத்தாம்மா உள்ள வரும்.”

சொன்ன வாய் மூடுவதற்குள் அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சர்க்கரை வியாதிக்காரர். இவருக்கு இனிப்பே தரக்கூடாது என்று மனைவி ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்ததால், பிஸ்கட் டப்பாவை யாரும் தொடாத ஒரே இடத்தில் ஒளித்திருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தார். சரியாக நாற்பது டிகிரியில், கூம்புகளுக்கு நடுவே, தகர மூடி எட்டிப் பார்த்தது.

சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். ஆனால் மறுசோதனைக்குக் காரணம் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குத் தோல்விதான். அரைமணி நேரம் பேனாவை மென்றுவிட்டு எழுதினார்: ‘காரணம்: பிஸ்கட் டப்பா. உடைமையாளர்: கீழே கையெழுத்திட்டவர்.’

மாலையில் மேடு மறைந்தது, ஆன்டெனா தேறியது.

“வீட்ல அக்காகிட்ட நான் சொல்லமாட்டேன் சார்” என்றாள் அவள்.

“அறிக்கை நாலு பிரதி போகுதும்மா. அவ காதுக்குப் போகாம இருக்குமா?” என்றபடி, இருந்த கடைசி பிஸ்கட்டையும் வாயில் போட்டுக்கொண்டார்.