சிவப்புக் குழாய் எங்கே போகிறது?

மின்சார அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை என்றால், ஒரே பேச்சை ஒரு நாளைக்குப் பத்து முறை முதல் தடவை பேசுவது போலப் பேச வேண்டும். அப்படித் தொண்டை காய்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மூடிவிட்ட பழைய அனல்மின் நிலையத்தின் ஒரு கூடத்தைக் காட்சிசாலை ஆக்கியிருக்கிறார்கள். என் ஊர் கோட்டைக்குப்பம் பக்கத்திலேயே இருப்பதால் என்னை எடுத்துக்கொண்டார்கள்.

சிவப்புக் குழாய்

மகளிர் குழுவோடு ஒரு அம்மா வந்திருந்தார். பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்தபடி, பக்கத்து ஏரிச் சேற்றைக் கையால் துழாவி எறா பிடிக்கிறவர். விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருந்தது. சுவரில் உள்ள படத்தில் குளிர்ந்த தண்ணீர் நீலக் குழாயில் உள்ளே வரும், சூடான தண்ணீர் சிவப்புக் குழாயில் வெளியே போகும்.

"செவப்பு எங்க போச்சு?" என்று கேட்டார். ஓடை வழியாக ஏரிக்கு என்றேன். "நல்லா ஆறவச்சுதான் விட்டாங்கம்மா" என்று, எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "அந்தத் தண்ணியில குந்தினு இருந்தவ நானு. நீ எனக்கு சொல்றியா?" என்றார்.

புகைபோக்கி

காட்டூரிலிருந்து இன்னொரு அம்மா மகளோடு வந்தார். இந்த நிலையம் கட்டும்போது அவர் கணவர் ஒப்பந்தக் கூலி. சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லையாம். இங்கே பழைய படங்கள் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

திறப்பு விழாப் படத்தில் அதிகாரிகளும் நிரந்தரப் பணியாளர்களும்தான் இருந்தார்கள். பாதி கட்டிய புகைபோக்கியின் படத்தில் மட்டும் உச்சியில் ஏழெட்டு ஆட்கள், எறும்பு அளவுக்கு. முகம் தெரியாது என்று சொன்னேன். மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை.

"எவராச்சும் ஒருத்தர காட்டும்மா. நான் நம்பிக்கிறேன்" என்றார்.

இடது ஓரத்தில் நின்ற ஆளைக் காட்டினேன்.

கண்ணாடிப் பெட்டி

கடைசியாக என் நைனா. மகள் பேசுவதைக் கேட்க வேண்டுமென்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கடல்நீர் உறிஞ்சும் குழாயில் சிக்கிய பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அதன் முன்னால் நின்றுவிட்டார். பச்சை வலை, சிவப்பு நூலில் ஒட்டு. அப்படி ஒட்டுப் போடுவது எங்கள் வீட்டில்தான். நிலையம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மழைக்குக் குழாயின் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போன வலை அது. அதற்கப்புறம் அவர் அடுத்தவர் படகில்தான் கூலிக்குப் போகிறார். தினமும் அந்தப் பெட்டியைத் துடைக்கிற எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

பெட்டிக்குக் கீழே 'குழாயில் சிக்கிய குப்பை' என்று ஓர் அட்டை. நைனா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நீயா எழுதின?"

"ஆமா நைனா."

அட்டையை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எழுத்து அழகா கீது."

மின்சாரம் எப்படி உண்டாகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒருத்தரும் இதுவரை அதைக் கேட்டதில்லை.