ஒரு நாள் தாமதம்

மார்ச் முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை. குமாமோத்தோ ஆய்வகத்தை விட்டு டோக்கியோவுக்குப் பேராசிரியராகப் புறப்பட்டார் குரோசே. வழியனுப்பு விழாவில், கடுகு அடைத்த தாமரைக்கிழங்கை மென்றபடியே நாற்பது நிமிடம் தன்னைப் பற்றிப் பேசினார். சுண்டெலி விரையைச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்துக் கொடுத்த ஹமாசாகி மிட்சுயோவின் பெயர் மட்டும் அவர் வாயில் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் செய்யும் வேலை அது.

குரோசேயின் பெருமையெல்லாம் ஒரே கண்டுபிடிப்பு. விந்தாக வேண்டிய செல்லுக்குள் மரபணு இழை குரோமாட்டினாக இறுகச் சுற்றிக் கிடக்கிறது. சுற்றுத் தளர்ந்து உரிய மரபணுக்கள் திறந்தால்தான் விந்தை உண்டாக்கும் குன்றல் பகுப்பு தொடங்கும். சுண்டெலியின் ஆண் குட்டிக்கு அது தொடங்குவது பிறந்து ஏறக்குறைய பத்தாம் நாள். தளர்த்தும் புரதம் ஒன்றை நீக்கினால் அந்தத் தொடக்கம் ஒரு நாள் தள்ளிப்போகிறது என்றார் அந்த மேதை.

மிட்சுயோவுக்குக் குட்டிகளைப் பார்த்த அன்றே சந்தேகம். ஆசிரியருக்குரிய மரியாதையோடு குரோசேயிடமே கேட்டாள்.

“சென்சேய், புரதம் இல்லாத குட்டிங்களுக்கு ரோமமே சரியா மூடல. ஒரு நாள் இளசு. எலிக்கூடத்துல பிறந்த நாளைப் பூஜ்யம்னு எண்ணுவாங்க. நீங்க இதுங்களுக்கு மட்டும் ஒண்ணுன்னு எண்ணிட்டீங்களோ?”

“ஹமாசாகி-சான், மெழுகு வெட்டுறதுதானே உங்க வேலை? அத நல்லா வெட்டுங்க. பத்து வரைக்கும் எனக்கு எண்ணத் தெரியும்.”

மாணவர்கள் சிரித்தார்கள். பத்து வரை எண்ணத் தெரியாதவருக்கும் சிரித்துக் கொடுக்க ஆள் கிடைத்துவிடுகிறது.

அவர் போன இரண்டாம் வருடம், வேறு எந்த ஆய்வகத்திலும் அந்தத் தாமதம் தென்படவில்லை என்று பேச்சு கிளம்பியது. குரோசே கூசவில்லை. குமாமோத்தோவில் தகடுகளை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லித் திரிந்தார்.

ஆய்வகத்தின் புதிய தலைவர் ஓகினோ மிட்சுயோவைக் கூப்பிட்டார். “மாத்தினீங்களா?”

“என் கையில ஒரு தகடுகூட மாறினதில்ல.”

“ஆதாரம்?”

அவள் தகடுகளைப் பதிந்துவைத்த குறிப்பேடுகளைக் குரோசே கொண்டுபோயிருந்தார். அன்றிலிருந்து சீவும் வேலை அவளிடமிருந்து போனது. மூன்று வருடம் பிறர் அழுக்காக்கிய கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினாள்.

பிறகு ஒரு காலையில் அவள் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. பதில் எழுதாமல், கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு ஓகினோவின் அறைக்குப் போய் அதை அவர் முன்னால் வைத்தாள். படித்து முடித்ததும் அவர் எழுந்து நின்று, இடுப்பு வளையத் தலைகுனிந்தார். செய்தி இதுதான்:

“ஹமாசாகி-சான், நலமா? நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி. பிறந்த நாளை ரெண்டு விதமா எண்ணினது நான்தான். இது நமக்குள்ளேயே இருக்கட்டும். இப்போ பத்திரிகைக்காரங்க விளக்கம் கேக்கறாங்க. தகட்டை நீங்க மாத்திட்டதா ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. எனக்குன்னா மானம் போயிடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லையே. குரோசே.”