அத்தான் அணைத்து வைத்த ஏசி

இந்த ஊர்க்காரர்கள் கோடையில் காரை அணைப்பதே இல்லை. ரொட்டிக் கடை வாசலில் நிறுத்தி, எஞ்சினும் ஏசியும் ஓட, கதவை மட்டும் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார்கள். ஆளில்லாத வண்டி தன்பாட்டுக்குக் குளிர்ந்துகொண்டு நிற்கும். குவைத்துக்கு வந்த புதிதில் யாரோ மறந்துவிட்டுப் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். நான் வண்டியைக் காட்டிக் காட்டிச் சொல்ல, அவர் நான் வேலை கேட்பதாக எண்ணி, தன்னிடம் டிரைவர் இருக்கிறான் என்று கையை விரித்துவிட்டுப் போனார். பெட்ரோல் தண்ணீரைவிட மலிவான நாடு இது. இங்கே ஏசியை அணைத்துவிட்டு வண்டி ஓட்டியவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். என் அக்காவின் கணவர், சுப்பையா அத்தான். போன கோடையில் இந்த வெயிலிலேயே இறந்துபோனார். கஞ்சத்தனம்தான் அவரைக் கொன்றது என்று எங்கள் ஊர் நாகலாபுரத்தில் பேசிக்கொள்கிறார்களாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் நாங்கள் இருவரும் வாடகைக் கார் ஓட்டினோம். அம்பாசடரில் ஏசி ஏது? சித்திரையில் விளாத்திகுளம் ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெக்கை முகத்தில் அறையும். அத்தான் வண்டியில் ஏறினால் மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம். முன்கதவின் முக்கோணக் கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்பி வைப்பார், காற்று நேரே கழுத்துக்கு வரும். ஜன்னலில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி, தோளில் ஈரத்துண்டு. கிளம்பும் முன் நாலு கதவையும் திறந்துபோட்டு, உள்ளே கொதித்த காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஆளை ஏற்றுவார். ஸ்டாண்டில் நிழல் நகர நகர வண்டியையும் நகர்த்துவார், அதுவும் ஸ்டார்ட் செய்யாமல் தோளைக் கொடுத்துத் தள்ளி. “என்ன அத்தான், கன்னுக்குட்டியவா மாத்திக் கட்டுதீங்க?” என்று கேலி செய்வேன்.

அவரிடம் இன்னொரு கிறுக்கும் உண்டு. வண்டிக்குள் அமங்கலமான சொல் எதுவும் விழக்கூடாது. துட்டி வீட்டுக்குப் போகிற சவாரியானாலும் இறந்தவரைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது. சாவி என்றுகூடச் சொல்ல மாட்டார், கீ என்பார். சாவியில் சாவு இருக்கிறதாம். ஸ்டாண்டே சிரிக்கும். வண்டிக்குக் காது கேட்கும் என்று சத்தியம் செய்வார் மனிதர்.

மழை பொய்த்து, பருத்தியும் உளுந்தும் கருகிப்போன பிறகு இருவரும் ஒரே கம்பெனிக்கு டிரைவராக இங்கே வந்தோம். முதல் வாரத்திலேயே அந்தக் கூத்து நடந்தது. வெயிலில் நின்ற அரபு மேஸ்திரி ஒருவர் வண்டிக்குள் தலையை நீட்டி, அத்தானைப் பார்த்து “மாய், மாய்” என்றார். அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. “என்னைய மாயச் சொல்லுதாம்லா இவன்” என்று என்னிடம் பொருமினார். அந்த ஆள் பாவம், வண்டியிலிருந்த கேனைத்தான் கேட்டிருக்கிறார். இவர்கள் பேச்சில் மாய் என்றால் தண்ணீர். விவரம் தெரிந்ததும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை.

“டிரைவர் சீட்டுல உக்காருதவன் அந்தச் சொல்லச் சொல்லலாமா மாப்ளே? நான் சொல்ல மாட்டேன்.”

சொல்லவும் இல்லை. மற்ற அரபுச் சொல்லெல்லாம் பழகினார். தண்ணீரை மட்டும் தண்ணி என்று தமிழிலேயே கேட்டார். நாங்கள் தங்கியிருந்த முகாமில் இருந்தவர்களும் அதைப் பழகிக்கொண்டார்கள்.

அன்று பாலைவனத்துக்குள் தொலைவிலிருந்த ஒரு முகாமில் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார். டாங்கில் பெட்ரோல் குறைவு, வழியில் பங்க் கிடையாது. ஏசியை அணைத்தால் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். இதில் கஞ்சத்தனம் எங்கே வந்தது? ஊர்ப் பழக்கப்படி ஜன்னலைத் திறந்துவிட்டு, துண்டை நனைத்து நனைத்துப் போட்டிருக்கிறார். கரிசல்காட்டு வெயிலுக்கு அது போதும். இங்கே அடிப்பது அடுப்புக்குள்ளிருந்து வருகிற காற்று. துண்டு உடனே காய்ந்துவிடும். கேனில் இருந்ததையெல்லாம் துண்டுக்கே ஊற்றித் தீர்த்துவிட்டு, கடைசியில் வண்டியை ஓரங்கட்டி அதன் நிழலில் சாய்ந்திருக்கிறார்.

ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர்தான் அவரைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெரியவர் போகாமல் எனக்காகக் காத்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“தன்னி யார்? அவருடைய மகளா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. கையைக்கூடத் தூக்க முடியாமல், வழியெல்லாம் அத்தான் அந்தப் பெயரைத்தான் முனகிக்கொண்டே வந்தார் என்றார். ஏதோ வண்டி மோதிவிட்டது, உள்ளே அடிபட்டிருக்கும் என்று பயந்து வாயில் எதுவும் கொடுக்கவில்லையாம். “மாய் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவர் கேட்கவே இல்லை” என்றார். அவர் வண்டியின் பின்னால் ஆடுகளுக்கான பீப்பாய் நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். நம்பத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. அத்தானுக்குப் பிள்ளை கிடையாது. பெரியவரிடம் ஆமாம், மகள்தான் என்றேன். அந்தப் பெண்ணுக்காகத் தொழுவதாகச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அத்தானை வைத்த பெட்டியோடு நாகலாபுரம் போனேன். அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஒரு வாய்த் தண்ணி யாராச்சும் ஊத்துனாவளா தம்பி?”

“ஊத்துனாவ அக்கா.”

“அது போதும்” என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இதைப் படிக்கிற ஊர்க்காரர்கள் தயவுசெய்து அவளுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். அவரைக் கஞ்சன் என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள்.

நான் மறுபடி இங்கே வந்துவிட்டேன், ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நாவறண்டு வண்டியை நிறுத்தினால் மாய் என்ற சொல் என் வாயிலும் வருவதில்லை. அதற்காக ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்றும் இல்லை. பெட்டியோடு போயிருந்தபோதே அக்கா வீட்டில் தாகம் எடுத்தது. தண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன், யாரோ ஒரு பெண்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போவதுபோல் இருந்தது, பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். இப்போது அங்கேயும் சரி, இங்கேயும் சரி, ஊமையைப் போலக் கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டித்தான் கேட்கிறேன்.