பழைய பெட்டியா, சவுண்ட்பாரா?

அரிசி ஆலையில் வேலை பார்க்கிறவனுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். எனக்கும் ஆகியிருந்தது, ஆனால் நான் ஒப்புக்கொண்டதில்லை. நல்ல சத்தம் எது என்று ஆரணியிலேயே எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில் வேலூரில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஹோம் தியேட்டர் தந்த தைரியம் அது. டி.வி.க்குக் கீழே நடுப்பெட்டி, மூலைக்கு ஒன்றாக நான்கு, கட்டிலை ஒட்டி இடிச் சத்தத்துக்கென்றே ஊஃபர். படத்தில் கார் மோதினால் எங்கள் ஜன்னல் கம்பி அதிரும்.

வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பட்டுப் புடவைக்கு பார்டர் டிசைன் போடுகிற என் மனைவிக்கு அது பிடிக்காது.

"இன்னா பேசறாங்கன்னே புரியலங்க. இடி மட்டுந்தான் கேக்குது."

"இப்பல்லாம் படத்துல எல்லாருமே முணுமுணுன்னுதான் பேசறாங்க" என்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்யாறில் கம்பெனி வேலை பார்க்கும் அவள் தம்பி நீளமான அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே சவுண்ட்பார், எல்லாச் சத்தமும் ஒன்றிலேயே வரும் நீள ஸ்பீக்கர்.

"வச்சுப் பாருங்க மாமா. புடிக்கலன்னா என் ரூமுக்கே எடுத்துகினு போயிடறேன். அந்தப் பழச காயலாங்கடைல போடுங்க."

காயலாங்கடை என்றதும் எனக்குச் சுருக்கென்றது. "கண்ணக் கட்டிட்டுக் கேட்டாக்கூட எது பழசுன்னு சொல்லுவேன்" என்றேன்.

"நானுந்தான் சொல்லுவேன்" என்றாள் மனைவி.

மச்சான் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் துண்டைக் கட்டி சோபாவில் உட்கார வைத்தான். டி.வி.க்குப் பின்னால் அரை மணி நேரம் எதையோ நோண்டினான். பிறகு நான் பலமுறை பார்த்த ஒரு படத்தின் சண்டைக் காட்சியை இரண்டு தடவை போட்டான்.

முதல் தடவை வில்லனின் பேச்சு கணீரென்று விழுந்தது. "இதான் புதுசு! வார்த்தை வார்த்தையா கேக்குது பாருங்க" என்று குதித்தாள் மனைவி. இரண்டாவது தடவை விழுந்த அடி என் அடிவயிற்றில் இறங்கியது. "இதுதான்டா என் பழசு!" என்று தொடையைத் தட்டினேன்.

துண்டை அவிழ்த்தோம். மச்சான் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவள் புகழ்ந்தது பழசு. நான் தொடை தட்டியது சவுண்ட்பாருக்கு.

"நடுப்பெட்டி வயர எலி கடிச்சு வச்சிருக்குது மாமா. பேச்சு பூரா அதுலதான் வரணும். இப்பதான் ஒட்டிவிட்டேன். ஊஃபரையும் கொறச்சிட்டேன்."

அறுந்து கிடந்த துண்டு வயரைக் காட்டினான். செம்பு பச்சை பூத்திருந்தது. எத்தனை வருஷமாக வசனமே இல்லாமல் படம் பார்த்தோமோ!

அதன்பிறகு எங்கள் சண்டை தலைகீழானது. "உங்களுக்குப் புடிச்சத வச்சுக்கலாங்க" என்றாள் அவள். "இல்லம்மா, நீ சொன்னதே இருக்கட்டும்" என்றேன் நான். கல்யாணமாகி இவ்வளவு மரியாதையாக நாங்கள் சண்டை போட்டதே இல்லை. மச்சான் பேஜாராகிப் போனான்.

அப்போது பக்கத்து வீட்டு நெசவாளர் வந்து வாசலில் நின்றார். அவர் தறி எங்கள் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது.

"இன்னா தம்பி, ஒரே சண்டைய ரெண்டு வாட்டி போட்டுகினு கீறீங்க?"

"சத்தம் அதிகமாண்ணா?"

"மொத வாட்டி ஒண்ணும் தெரில. ரெண்டாவது வாட்டி தறிக்குழில இருந்த காலு ரெண்டும் கூசிப்போச்சு. இவ்ளோ நாளும் பொறுத்துகினு இருந்தேன், இன்னிக்கு இழையே அறுந்துச்சுப்பா. அது எதுவோ, அத மட்டும் வேணாம்."

அதோடு முடிந்தது. மச்சான் சவுண்ட்பாரை மூட்டை கட்டிக்கொண்டு செய்யாறு பஸ் ஏறினான்.

அன்று சாயங்காலமே அந்தப் படத்தை முதலிலிருந்து போட்டோம். கேட்கக் கேட்க எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வில்லன், கதாநாயகனின் கூடப்பிறந்த அண்ணனாம். தம்பியின் படிப்புக்காகத்தான் கெட்டுப்போனானாம். அவன் சாகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் விசிலடித்தவன் நான். மனைவி பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.